பகாப்பதமும் பகா எண்ணும்

எண்ணையும் எழுத்தையும் இணைத்தே பேசுதல் தமிழ் மரபு. எனினும், எழுத்தை ஆராயும் நாம் எண்ணைக் கணக்கறிஞர்க்கு விட்டுவிட்டோம். கணக்கறிஞரும் தாம் ஆளுகின்ற சொற்களைத் தமிழ் ஆராய்ச்சிக்கு உரியன என்று கருதுவது அரிது. இவ்வாறு இருதிறத்தாரும் தத்தம் எல்லையுள் நின்றமையால், இருவர்க்கும் பொதுவாகிய நிலமொன்று உழுவாரின்றிக் கிடக்கின்றது. பள்ளிச் சிறுவர்க்குக் கற்பிக்கப்பெறும் கணக்குச் சொற்களே அந்நிலம். அவற்றுள் 'பகா எண்' என்னும் ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் பிறப்பையும் பொருத்தத்தையும், அதனைக் கற்பிக்கும் முறையில் நேர்ந்துள்ள குறையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆராய்ச்சிக்குத் தூண்டுகோலாக அமைந்தது ஒரு சிறு நிகழ்ச்சி. உறவினர் இல்லத்தில் ஆறாம் வகுப்பில் பயிலும் சிறுமி ஒருத்தியிடம், "ஏழு ஏன் பகா எண்?" என்று வினவினேன். "ஏழைப் பகுக்க முடியாது" என்றாள். "ஏழு மாம்பழங்களை இருவர்க்குப் பகுத்துக் கொடுக்க முடியாதா?" என்றேன். "கொடுக்கலாம் மாமா, ஒருவருக்கு மூன்று, இன்னொருவருக்கு நான்கு" என்றாள். உடனே தன் முதல் விடையில் ஐயம் கொண்டு வாளாவிருந்தாள். அவள் கூறிய இரண்டும் உண்மையே. இரண்டும் எவ்வாறு ஒருங்கே உண்மையாகும் என்பதை அவளுக்கு எவரும் எடுத்துரைக்கவில்லை. இக்குறை அவளுடையதன்று, கற்பித்தார் ஒருவருடையதும் அன்று. சொல்லை ஆக்கித் தந்த பின்னர் அதன் பொருளை விளக்கும் கடமையை நாம் நிறைவேற்றாமையே இதற்குக் காரணம்.

நன்னூலின் பகுப்பு முறை

'பகா எண்', 'பகு எண்' என்னும் இருசொற்களையும் காணும் தமிழ் மாணவர்க்கு, நன்னூற் பதவியல் நினைவிற்கு வராமற் போகாது. தொல்காப்பியத்தில் பதவியல் எனத் தனியோர் இயல் இல்லை. பதிமூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீயகங்கன் வேண்டுகோளுக்கு இணங்க நூல்செய்த பவணந்தி முனிவரே, எழுத்ததிகாரத்துள் அதனைத் தனியியலாக வகுத்துப் பதத்தைப் பகாப்பதம், பகுபதம் என இருவகைப்படுத்தி விரிவுற விளக்கினார். பெயர், வினை, இடை, உரி என்னும் நால்வகைச் சொல்லிலும் பகாப்பதம் உண்டு. பகுபதமோ பெயரிலும் வினையிலும் வரும். பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்பன பகுபத உறுப்புக்கள். 'நடந்தனன்' என்னும் ஒரு சொல்லிலேயே இவ்வாறு உறுப்புக்களையும் காட்டுதல் ஆசிரியர் வழக்கம்.

ஈண்டு ஒரு வினா எழுகின்றது. 'மரம்' என்பது பகாப்பதம். ஆயினும், அதனை ம, ர, ம் எனப் பிரித்தல் யார்க்கும் எளிது. பிரிக்க முடிகின்ற ஒன்றைப் 'பகா' என்பது எவ்வாறு பொருந்தும்? இலக்கணம் இதற்குத் தரும் விடை தெளிவானது. எழுத்தாகப் பிரித்தல் வேறு; பொருளுடைய உறுப்பாகப் பகுத்தல் வேறு. மகரம், ரகரம், மகரமெய் என்பவற்றுள் எதுவும் மரம் என்னும் பொருளின் ஒரு கூற்றைத் தந்து நிற்பதன்று. 'செய்தான்' என்பதிலோ, 'செய்' தொழிலையும், 'த்' இறந்த காலத்தையும், 'ஆன்' உயர்திணை ஆண்பால் ஒருமையையும் உணர்த்துகின்றன. ஆகவே, பகாமை என்பது எவ்வகைப் பிரிப்பிற்கும் இடந்தாராமை அன்று. ஒரு குறித்த வகைப் பகுப்பிற்கு இடந்தாராமையே என்க.

இவ்வுண்மையை எண்ணிற்கு ஏற்றிக் காண்போம். ஏழினை மூன்றும் நான்கும் எனப் பிரிக்கலாம். ஒன்றும் ஆறும் எனவும் பிரிக்கலாம். இப்பிரிப்பு, 'மரம்' என்னும் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிப்பது போன்றது; எல்லா எண்ணிற்கும் பொதுவாகலின் எதனையும் வேறுபடுத்திக் காட்டுவதன்று. எண்ணின் இயல்பைக் காட்டும் பகுப்பு ஒப்பப் பகுத்தல். பன்னிரண்டு காய்களை மும்மூன்றாக நான்கு வரிசையிலோ, அவ்வாறாக இரண்டு வரிசையிலோ குறைவின்றி அடுக்கலாம். ஏழு காய்களையோ, ஒரே வரிசையாகவன்றி வேறு எவ்வாற்றானும் ஒப்ப அடுக்குதல் இயலாது. ஒன்றின் மேற்பட்ட எண்களின் பெருக்கமாகப் பகுக்கப்படாததும், தான் ஒன்றின் மேற்பட்டதும் ஆகிய எண்ணே பகா எண். மேற்குறித்த சிறுமியின் மாம்பழக் கணக்கு எழுத்துப் பிரிப்பு. அவள் நெட்டுருச் செய்த விடை உறுப்புப் பகுப்பு. இவ்வேற்றுமையை ஒருமுறை கூறியிருப்பின், அவள் ஐயுற்றிருக்க மாட்டாள்.

இருவகை மொழிபெயர்ப்பு

தமிழகப் பாடநூல்கள் 'பகா எண்', 'பகு எண்' என வழங்க, இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் அவற்றையே 'முதன்மை எண்', 'சேர்த்தி எண்' என வழங்குகின்றன. ஒரே கருத்திற்கு இருநாட்டுத் தமிழரும் இருவேறு சொற்களை ஆக்கிக்கொண்டனர். இவற்றுள் எது சிறந்தது என வழக்கிடுவதனினும், இவ்விரண்டும் எவ்வெவ் வழியாற் பிறந்தன என அறிதல் பயனுடையது.

கிரேக்க அறிஞர் யூக்ளிட் தம் 'மூலங்கள்' என்னும் நூலின் ஏழாம் பகுதியில் இவ்வெண்ணுக்கு இலக்கணம் வகுத்தார். அலகாகிய ஒன்றினால் மட்டுமே அளக்கப்படும் எண் என்பது அவர்தம் கருத்து. அதற்கு அவர் இட்ட பெயர் 'முதலாவது' என்னும் பொருளுடையது. அப்பொருளே இலத்தீன் வழியாக ஐரோப்பிய மொழிகளிற் பரவிற்று. இலங்கையார் சொல் அப்பெயரின் பொருளைத் தழுவியது. தமிழகத்தார் சொல்லோ, பெயரை விடுத்து இலக்கணத்தின் பொருளைத் தழுவியது. முன்னையது இவ்வெண்களின் பயனைக் கூறுகின்றது. ஏனைய எண்களெல்லாம் இவற்றின் பெருக்கமாய்த் தோன்றுதலின் இவை முதன்மையுடையன. பின்னையது இவ்வெண்களின் இயல்பைக் கூறுகின்றது. இவை மேலும் பகுபடாதன.

இரண்டும் குறையுடையனவே. 'முதன்மை' என்னும் சொல்லைக் கேட்கும் சிறுவன், அதனைத் தலைமை என்றோ சிறப்பு என்றோ கொள்வான். எண் வரிசையில் முதற்கண் நிற்பது ஒன்றாதலின், ஒன்றே முதன்மை எண் எனவும் மயங்குவான். 'பகா' என்னும் சொல்லைக் கேட்கும் சிறுவனோ, மேலே கண்டவாறு எவ்வகையானும் பிரிக்க இயலாதது எனக் கொள்வான். பகு என்னும் அடியிற் பிறந்த பங்கு, பகிர், பாதி முதலிய சொற்கள் அவனுக்கு வீட்டு வழக்கிலேயே பழகியவை. அவற்றின் பொருளெல்லாம் 'பகா' என்னும் சொல்லினுள் வந்து புகும். ஆயினும், இக்குறை ஒரு சொற்றொடரால் நீங்கக்கூடியது. 'ஒப்பப் பகாதது' என்று ஆசிரியர் ஒருமுறை விளக்கினால் மயக்கம் தீரும். சொல்லைக் கேட்ட அளவில் பொருளின் ஒரு பாதியேனும் மாணவனுக்கு விளங்குமாயின், அதுவே பள்ளிக்கு ஏற்ற கலைச்சொல். இவ்வகையில் 'பகா எண்' ஒருபடி மேம்பட்டு நிற்கின்றது என்பது என் கருத்து.

இதனோடு இயைந்த பிற சொற்களும் கருதத்தக்கன. பின்னத்தின் மேலெண்ணைத் 'தொகுதி' எனவும், கீழெண்ணைப் 'பகுதி' எனவும் வழங்குகிறோம். எத்தனையாகப் பகுத்தோம் என்பதைக் காட்டுவது பகுதி. பகுத்தவற்றுள் எத்தனையைத் தொகுத்தோம் என்பதைக் காட்டுவது தொகுதி. பகுபதத்தின் முதனிலைக்கும் பகுதி என்பதே பெயர். ஓரெண்ணைப் பெருக்கத்தாற் பிறப்பிக்கும் எண்கள் அதன் 'காரணிகள்'. பன்னிரண்டின் காரணிகள் 1, 2, 3, 4, 6, 12 என்பன; அவற்றுள் பகாக் காரணிகள் 2, 3 என்னும் இரண்டே. இச்சொற்களைத் தனித்தனியே மனனம் செய்விக்காமல், பகு, தொகு, காரணம் என்னும் அடிகளோடு சேர்த்துக் கற்பித்தால், மாணவன் சுமக்க வேண்டிய சுமை பாதியாகக் குறையும்.

ஒப்புமையின் எல்லை

ஒப்புமை காட்டுவோர் அதன் எல்லையையும் காட்டுதல் கடன். பதமும் எண்ணும் ஒக்கும் இடங்களினும், ஒவ்வா இடங்களே மாணவர்க்கு மிகுதியும் பயன்தருவன.

முதலாவது, வரிசை. 'செய்தான்' என்பதன் உறுப்புக்களை முறைமாற்றி நிறுத்தினால் சொல்லே கெடும். எண்ணின் காரணிகளுக்கு அவ்வரையறை இல்லை. இரண்டை மூன்றாற் பெருக்கினும், மூன்றை இரண்டாற் பெருக்கினும் ஆறே.

இரண்டாவது, ஒருமுகத் தன்மை. ஒரு சொல் சிலபோது இருவகையாக நிற்கும். இதற்கு இலக்கணிகள் காட்டும் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு 'எட்டு' என்பதேயாம். ஒருமொழியாக நின்றால் அஃது ஓர் எண்ணின் பெயர். எள், து எனப் பிரிந்து தொடர்மொழியாக நின்றால் 'எள்ளை உண்' என்னும் பொருளது. இவ்வாறு இருபாற்பட்டு நிற்பதனைப் பொதுமொழி என்பர். எட்டு என்னும் சொல்லுக்கு இருவழி உண்டு. எட்டு என்னும் எண்ணுக்கோ ஒரேவழிதான். அதனை 2 × 2 × 2 என்று மட்டுமே பகாக் காரணிகளாக ஆக்க முடியும். அறுபதை ஒருவன் 6 × 10 எனத் தொடங்கிப் பகுக்கலாம். மற்றொருவன் 4 × 15 எனத் தொடங்கலாம். இருவரும் இறுதியில் 2 × 2 × 3 × 5 என்னும் ஒரே இடத்திற்கு வந்து சேர்வர். எண்ணுலகின் பேருண்மைகளுள் இஃது ஒன்று. இலக்கணத்தில் இருவர் இருவகையாகப் பிரித்துப் பல்லாண்டு வழக்கிட்டதை அறிந்த நமக்கு, இவ்வொருமையின் அருமை நன்கு புலனாகும்.

மூன்றாவது, ஒன்றின் நிலை. ஒன்று எவ்வாற்றானும் பகுபடாதது. எனவே அதனைப் பகா எண் என்றால் என்னை என்று கூரறிவுடைய மாணவன் வினவுவான். 'ஆசிரியர் அப்படிச் சொன்னார்' என்பது விடையாகாது. ஒன்றைப் பகா எண்ணாகக் கொண்டால், பன்னிரண்டை 2 × 2 × 3 எனவும், 1 × 2 × 2 × 3 எனவும், 1 × 1 × 2 × 2 × 3 எனவும் எத்தனை வகையாயினும் எழுதலாம். மேலே கூறிய ஒருமுகத் தன்மை அழிந்துபடும். ஆதலின் ஒன்று பகா எண்ணும் அன்று, பகு எண்ணும் அன்று. 'தன்னாலும் ஒன்றாலும் மட்டுமே வகுபடும் எண்' எனச் சுருங்கக் கூறும் வாய்பாடு ஒன்றையும் உள்ளடக்கி அதிவியாத்தி என்னும் குற்றத்திற்கு இடமாகின்றது. 'இரண்டே காரணிகளை உடைய எண்' என்பது குற்றமற்ற வரையறை. ஒன்றுக்குக் காரணி ஒன்றே ஆகலின் அது தானே விலகும்.

நான்காவது, அளவு. பகாப்பதம் ஏழெழுத்தின் மேற்செல்லாது, பகுபதம் ஒன்பதெழுத்தின் மேற்செல்லாது என நன்னூல் எல்லை கூறும். 'உத்திரட்டாதி' ஏழெழுத்தினும், 'உத்திரட்டாதியான்' ஒன்பதெழுத்தினும் நின்றமை உரைகளிற் காணலாம். பகா எண்ணுக்கோ இத்தகைய எல்லை இல்லை. அவை முடிவின்றித் தொடர்வன என்பதை யூக்ளிட் தம் நூலின் ஒன்பதாம் பகுதியில் நிறுவினார். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பெற்ற ஒரு பகா எண் 4,10,24,320 இலக்கங்களை உடையது. ஏழெழுத்து எங்கே, நான்கு கோடி இலக்கம் எங்கே என்று மாணவன் வியத்தல் நன்று. வியப்பே கல்வியின் வாயில்.

பழங்கணக்கும் பகாமையும்

இனி, நம் பழைய கணக்கு நூல்களில் பகா எண் பற்றிய அறிவு உண்டா என்னும் வினாவைக் காண்போம். இதன்கண் இருவேறு கட்சிகள் எழுதல் இயல்பு. பழையன யாவும் வாய்பாட்டு உருப்போடுதலே. அவற்றில் கணிதச் சிந்தனை இல்லை என்பது ஒன்று. இன்றைய கணிதம் முழுதும் அன்றே இருந்தது என்பது மற்றொன்று. இரண்டும் சுவடியை நோக்காது எழுந்த கட்சிகளே. திண்ணைப் பள்ளியின் மனனப் பயிற்சியும் அறிவுத் தொழிலே என்பதைச் செந்தில் பாபு தென்னாட்டு எண்ணும் அளவும் பற்றி 2022இல் வெளியிட்ட ஆங்கில நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். யாம் ஈண்டு அளவுமுறைகளின் அமைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு நோக்குவோம்.

திண்ணைப் பள்ளிச் சிறுவன் ஓதிய எண்சுவடியின் கீழ்வாயிலக்கத்தில் முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. அரைக்காணி இரண்டு முந்திரி, காணி நான்கு, அரைமா எட்டு, மா பதினாறு, மாகாணி இருபது, அரைக்கால் நாற்பது, கால் எண்பது. இவ்வமைப்பின் உயிர் 320 என்னும் எண். அதனைப் பகாக் காரணிகளாக்கினால் ஆறு இரண்டுகளும் ஓர் ஐந்தும் கிடைக்கும். எனவே, பாதியாக்கலும் ஐந்தாக்கலும் இம்முறையில் எளிது, மூன்றாக்கல் இயலாது. ஒன்றை மூன்றாகப் பகுத்தால், காலும் ஒருமாவும் அரைமாவும் அரைக்காணியும் ஆக 106 முந்திரி சேரும். முந்திரியில் மூன்றிலிரண்டு எஞ்சும்.

இவ்வெச்சம் ஏட்டுக் கணக்கோடு நின்றதன்று. நூறு குழி ஒருமா, இருபது மா ஒரு வேலி என்பது நிலக்கணக்கு. ஒரு வேலி நிலத்தை உடன்பிறந்தார் மூவர் பகுத்தால், ஒருவர்க்கு ஆறு மாவும் அறுபத்தாறு குழியும் சென்று, மேலும் குழியில் மூன்றிலிரண்டு நிற்கும். அந்நிலத்தில் விளைந்த நெல்லைப் பகுக்குங்கால் இத்தொல்லை இல்லை. எட்டு நாழி ஒரு குறுணி. இரு குறுணி ஒரு பதக்கு. இரு பதக்கு ஒரு தூணி. மூன்று தூணி ஒரு கலம். ஒரு கலத்தை மூவர் பகுத்தால், ஆளுக்கு ஒரு தூணி. ஒரு கலம் 96 நாழி. அதன் பகாக் காரணிகள் ஐந்து இரண்டுகளும் ஒரு மூன்றும். நிலக்கணக்கில் மூன்று இல்லை; நெற்கணக்கில் மூன்று உண்டு. வரப்பிட்டுப் பகுக்கும்போது எழாத அமைதி, களத்திற் பகுக்கும்போது எழுந்தமைக்கு இதுவே காரணம்.

இன்னும் வியக்கத்தக்கது கீழ்வாய்ச் சிற்றிலக்கத்தின் அமைப்பு. முந்திரியின் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு கீழ்முந்திரி. அஃதாவது 1,02,400இல் ஒன்று. இதுவரை இரண்டும் ஐந்துமே ஆட்சி செய்கின்றன. அதன் கீழே வரும் இம்மி 21,50,400இல் ஒன்று. கீழ்முந்திரி ஒன்றுக்கு இம்மி இருபத்தொன்று. இருபத்தொன்று என்பது மூன்றும் ஏழும் பெருக்கியது. அதன் கீழ் வரும் மும்மி, இம்மியில் பதினொன்றில் ஒன்று. அணு, மும்மியில் ஏழில் ஒன்று. குணம், அணுவில் ஒன்பதில் ஒன்று. மேலே இடம்பெறாத மூன்று, ஏழு, பதினொன்று என்னும் எண்கள் யாவும் கீழே வந்து அமர்கின்றன.

இதன் பயனைக் கணக்கிட்டுக் காண்க. ஒன்றை மூன்றாற் பகுத்தால் 106 முந்திரி, 213 கீழ்முந்திரி, 7 இம்மி, எச்சம் இல்லை. ஏழாற் பகுத்தால் 45 முந்திரி, 228 கீழ்முந்திரி, 12 இம்மி, எச்சம் இல்லை. பதினொன்றாற் பகுத்தால் 29 முந்திரி, 29 கீழ்முந்திரி, 1 இம்மி, 10 மும்மி, எச்சம் இல்லை. ஒன்பதாற் பகுத்தாலோ இம்மியிலும் மும்மியிலும் அணுவிலும் எச்சம் நின்று, குணத்திற்கு வந்தபோதே தீர்கின்றது. 'இம்மியும் பிசகாமல்' என்று நாம் வழங்கும் தொடர், மூன்றும் ஏழும் எச்சமின்றித் தீரும் இடத்தின் பெயரைக் கொண்டிருத்தல் நினைக்கத்தக்கது.

இதிலிருந்து நாம் துணியக்கூடியது யாது? பகா எண் என்னும் பெயரையோ, அதற்கு வரையறையையோ இவ்வாய்பாடுகள் தருவனவல்ல. ஆனால், எவ்வளவு பாதியாக்கினும் ஐந்தாக்கினும் மூன்றும் ஏழும் அடங்காமல் எச்சமாய் நிற்கும் என்பதும், அவ்வெச்சத்தைத் தீர்க்க அவ்வெண்களையே அளவினுள் புகுத்த வேண்டும் என்பதும் அவற்றின் அமைப்பிலேயே பொதிந்துள்ளன. பெயர் இல்லை, பெயர்க்குரிய பொருளைச் சார்ந்த தொழிலறிவு உண்டு. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் கூறுதலே நடுநிலை.

காரி நாயனாரின் கணக்கதிகாரத்தில் ஒரு செய்தியையும் காட்டலாம். இந்நூலைத் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் 1998இல் தொகுப்பு நூலாக வெளியிட்டது. பலாப்பழத்தை அறுக்காமலே சுளைத்தொகை அறியும் வழியாக, காம்பைச் சுற்றிய முட்களை எண்ணி ஆறாற் பெருக்கி ஐந்தால் வகுக்குமாறு அது கூறும். உண்மையான பலாக்கள் இவ்விதிக்கு உடன்படுமா என்பது உழவர் ஆராய்ச்சிக்கு உரியது. நமக்கு வேண்டுவது கணக்கு. முள் நூறாயின் சுளை நூற்றிருபது. முள் நூற்றொன்றாயின், 606ஐ ஐந்தால் வகுக்க 121 வந்து ஒன்று எஞ்சும். எச்சமின்றி வரவேண்டுமாயின் முட்களின் தொகை ஐந்தின் மடங்காகவே இருத்தல் வேண்டும். ஐந்து பகா எண். அஃது ஆறை வகுக்காது. ஆகவே முட்டொகையையே வகுத்தாக வேண்டும். யூக்ளிட் ஏழாம் பகுதியில் நிறுவிய ஓர் உண்மை நம் பலாமரத்தடியில் இவ்வாறு காய்த்து நிற்கின்றது. நல்லாசிரியன் ஒருவன் இவ்வொரு கணக்கைக் கொண்டே பகாமையின் பயனை ஒரு நாளில் உணர்த்திவிடுவான்.

பள்ளியில் செய்யத்தக்கது

மேற்கூறிய ஆராய்ச்சி பள்ளிக்குப் பயன்படாதாயின் அது வெறுஞ் சொல்லாட்டாய் முடியும். வாய்பாட்டை ஓதும் சிறுவன் காரணியிலிருந்து பெருக்கத்திற்குச் செல்லப் பழகுகிறான். ஏழு பதின்மூன்று எவ்வளவு என்றால் தொண்ணூற்றொன்று என்பான். தொண்ணூற்றொன்றின் காரணிகள் யாவை என்றால் திகைப்பான். தொகுத்தற்குப் பழகியவனை வகுத்தற்குப் பழக்காமையே இத்திகைப்பிற்குக் காரணம். 51, 57, 87, 91 என்னும் நான்கும் பார்வைக்குப் பகா எண் போலத் தோன்றுவன. இலக்கங்களைக் கூட்டி மூன்றால் வகுபடுமா எனக் காண்பவன் முதல் மூன்றன் வேடத்தையும் எளிதிற் களைவான். 91 அவ்வழிக்கு அகப்படாது; ஏழாம் வாய்பாட்டைத் திருப்பி ஓதினாலன்றி அது வெளிப்படாது.

இதற்கு எரடோசுதெனீசு என்னும் கிரேக்க அறிஞர் பெயரால் வழங்கும் சல்லடை முறையினும் எளியது வேறில்லை. ஒன்று முதல் நூறு வரை எழுதி, ஒன்றை நீக்கி, இரண்டை நிறுத்தி அதன் மடங்குகளை அடித்தல் வேண்டும். அவ்வாறே மூன்று, ஐந்து, ஏழு என்பவற்றின் மடங்குகளையும் அடித்தால், எஞ்சி நிற்பவை இருபத்தைந்து பகா எண்கள். ஏழோடு நிறுத்துவது ஏன் என்பதையும் உடன் கூறுதல் வேண்டும். நூற்றினுட்பட்ட பகு எண் எதற்கும் பத்தின் மேற்படாத பகாக் காரணி ஒன்றேனும் உண்டு. இருகாரணிகளும் பத்தினும் மிகுந்தால் பெருக்கம் நூற்றைக் கடந்துவிடும். காரணம் கூறாது சல்லடையை மட்டும் தருவது, சூத்திரம் தந்து உரை தராமைக்கு ஒப்பாகும்.

மூன்றன் அருமையை உணர்த்த நம் நாணயமும் உதவும். பதினாறு அணா ஒரு ரூபாய், பன்னிரண்டு பை ஓர் அணா என வழங்கிய காலத்தில், ரூபாய்க்கு 192 பை. அதனுள் மூன்று அடங்கியிருந்தமையின், ஒரு ரூபாயை மூவர்க்குப் பகுத்தால் ஆளுக்கு ஐந்து அணா நான்கு பை, எச்சம் இல்லை. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு நூறு காசு என்றாயிற்று. நூற்றினுள் இரண்டும் ஐந்துமே உண்டு, மூன்று இல்லை. அன்று முதல் ஒரு ரூபாயை மூவர் ஒப்பப் பகுக்க இயலாதாயிற்று. பதின்முறை தந்த எளிமைகள் பல. அவற்றிற்காக நாம் விட்டுக்கொடுத்தது மூன்று என்னும் ஒரு பகா எண்ணை. இதனைப் பாட்டனார் வாய்க்கேட்டறியும் சிறுவனுக்குப் பகாக் காரணி என்பது தேர்வுக்குரிய சொல்லாக மட்டும் நில்லாது.

முடிவாக ஒன்று. கலைச்சொல் ஆக்கம், சொல்லை அச்சேற்றியவுடன் முடிந்துவிடுவதன்று. எந்த மரபிலிருந்து சொல்லை எடுத்தோமோ, அம்மரபு அதற்குத் தந்த தெளிவையும் உடன் கொண்டுவருதல் வேண்டும். 'பகா' என்னும் அடைமொழி பதத்திற்கும் எண்ணிற்கும் பொதுவாயிற்று. ஆனால், எவ்வகையாற் பகா என்னும் பவணந்தியாரின் நுட்பம் பள்ளி வாயிலிலேயே நின்றுவிட்டது. அதனை உள்ளே அழைத்துச் செல்லும் பொறுப்பு கணக்காசிரியர்க்கு மட்டும் உரியதன்று. தமிழ்த் துறைகளுக்கும் உரியது. நன்னூலைக் கற்ற முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் ஓர் ஆறாம் வகுப்புச் சிறுவனிடம் சென்று, 'ஏழைப் பிரிக்கலாம். ஒப்பப் பகுக்க இயலாது' என்னும் இத்துணையை விளக்க வல்லராயின், பதவியலைக் கற்றதன் பயன் எய்தியவர் ஆவர்.